பொதுச் சுவரின் மறுபக்கம்

வீட்டுச் சாவியைக் கேட்டால் போதும், குயிரினோவுக்கு அன்றைக்கென்று ஒரு வேலை வந்துவிடும். செப்டம்பரில் கேட்டபோது பருப்பு அறுவடை என்றான். அறுவடை முடிந்து கேட்டால், ஆடுகளை மலையிலிருந்து இறக்க வேண்டும் என்றான். ஆடுகளும் இறங்கிப் பட்டியில் அடைந்தாகிவிட்டது. இப்போது முழங்கால் வலி என்கிறான். முழங்காலுக்கும் சாவிக்கும் என்னடா சம்பந்தம் என்று எர்சிலியா கேட்டாள்.

"நானும் கூட வந்து நிக்கணும்ல அக்கா. கண்டவனும் நுழையறதுக்கு அது என்ன சத்திரமா?" என்றான்.

அவளுக்கு மூன்று வயது இளையவன். தலை முழுக்க நரைத்தவன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன்தானா இவன் என்று அவளுக்கு அடிக்கடி சந்தேகம் வரும். அப்பா விட்டுப்போன மேட்டு நிலத்தில் அவளுக்கு ஒரு சால் கூடுதலாக வந்துவிட்டது என்று அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருப்பவன். அந்த வஞ்சத்தைத்தான் சாவியில் காட்டுகிறான் என்று அவள் நினைத்தாள். நாசமாய்ப் போக என்று ஒரு வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கு ஏறினாள்.

வல்லெஸ்கூரா என்ற அந்த மலைக்கிராமத்தில் எந்த வீடும் தனியாக நிற்பதில்லை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அப்பா செத்த பிறகு அக்காளும் தம்பியும் பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். எர்சிலியாவின் படுக்கையறைக்குப் பின்னால் குயிரினோவின் சமையலறை. நடுவில் இருப்பது பொதுச் சுவர். மலையில் உடைத்த வெள்ளைக் கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் கல் துண்டும் மண்ணும் கொட்டி நிரப்பிய பழைய சுவர். பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே அந்த இரண்டு வரிசைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பூமி ஆடினால் இது இந்தப் பக்கமும் அது அந்தப் பக்கமுமாக வயிறு தள்ளிக்கொண்டு சரியும்.

பூகம்பம் வந்த அந்த ஆகஸ்டில் அப்படித்தான் சரிந்தது. எர்சிலியாவின் பக்கத்தில் சுவரின் மேல்பாதி அப்படியே கட்டில் மேல் விழுந்தது. கோடையில் கல் குளிர்ச்சியாக இருக்கும் என்று அவள் கணவர் செட்டிமியோ எப்போதும் சுவரோரம்தான் படுப்பார். அவள் ஜன்னலோரம் படுத்திருந்தாள். அவள் பிழைத்தாள்.

அதன் பிறகு வாசம் எல்லாம் கீழே பந்து விளையாடும் மைதானத்தில், அரசாங்கம் போட்டுக்கொடுத்த மரக்குடிசையில். தற்காலிகம் என்றார்கள். தற்காலிகத்திலேயே ஏழு குளிர்காலம் போயிற்று. குளியலறைத் தரை ஊறி உப்பிவிட்டது, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கறுத்துக் கிடந்தது, அடுத்த குடிசைக்காரர் தும்மினால் இவள் "கடவுள் காப்பாற்றட்டும்" என்று சொல்கிற அளவுக்கு மெல்லிய சுவர். இந்த வருஷம்தான் ஒருவழியாக அவர்கள் வரிசையின் நான்கு வீடுகளுக்கும் வேலை ஆரம்பித்திருந்தது. குளிர்காலத்தைத் தன் வீட்டில் கழிக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மேஸ்திரி அஃப்ரிம் அல்பேனியாக்காரன். பாதி ஆயுளை இந்த மலையிலேயே கழித்தவன். விழுந்த மேல்பாதியைப் பழைய கல்லைக் கொண்டே கோடையில் கட்டி முடித்துவிட்டான். இப்போது சுவர் முழுவதும் பூச்சை உரித்து, கல் இடுக்குகளைச் சுரண்டி, தண்ணீர் அடித்து, சுண்ணாம்புச் சாந்தை ஒரு கை பூசி, அதன் மேல் கண்ணாடி நாரில் பின்னிய வலையைப் பதித்து அழுத்தும் வேலை. அந்த வலையை முதலில் பார்த்தபோது எர்சிலியா சண்டைக்கே போய்விட்டாள்.

"இது என்ன, கோழிக்கூடா கட்டுற? இரும்புக் கம்பி எங்க?"

"இரும்பு துருப்பிடிக்கும்மா. இது பிடிக்காது. இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தாள். விரல்தான் அறுபட்டது.

"வலை சும்மா சட்டை மாதிரி. அது மட்டும் போதாது" என்று அஃப்ரிம் மூன்று முழ நீள நார்க்கற்றையை எடுத்துக் காட்டினான். பெண்பிள்ளையின் சடை கனம் இருந்தது. "சுவத்துல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளை போட்டு, இதைப் பிசின்ல முக்கி உள்ள விடணும். ரெண்டு பக்கமும் நுனியைப் பிரிச்சு விசிறி மாதிரி வலை மேல ஒட்டணும். அப்பத்தான் ரெண்டு வரிசைக் கல்லும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். ஒரு பக்கம் மட்டும் செஞ்சா, ஒத்தைக் கையால தட்டின மாதிரிதான்."

ஆகவேதான் அந்தச் சாவி. அக்டோபர் கடைசி. வடக்கே இருந்து காற்று இறங்க ஆரம்பித்துவிட்டது. உறைபனி விழுந்துவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது, பாலிதீனைப் போர்த்திவிட்டு மார்ச்சில்தான் வருவோம் என்று அஃப்ரிம் சொல்லியிருந்தான்.

அன்றைக்கு அவள் மேலே ஏறிப் போனபோது ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பருப்புச் சூப்பும் ரொட்டியும் செம்மறிப் பாலாடைக்கட்டியும் அவள்தான் கொண்டுபோவாள். அஃப்ரிம் ரொட்டியைக் கடித்துவிட்டு வழக்கமான பாட்டை ஆரம்பித்தான்.

"எத்தனை வருஷம் ஆனாலும் உங்க ஊரு உப்பில்லாத ரொட்டி தொண்டையில எறங்க மாட்டேங்குதும்மா."

"எங்க ஆளுகளுக்கு உப்புப் போட்டுத் தின்னு பழக்கமில்ல. என் தம்பியப் பாத்தாத் தெரியலயா?"

"இன்னைக்கும் சாவி இல்லையா?"

"இன்னைக்கு முழங்காலு."

அஃப்ரிம் வானத்தைப் பார்த்தான். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. "சரி, துளையையாவது நம்ம பக்கத்துல இருந்து போட்டு வைப்போம். ஆனா அந்தப் பக்கம் பூச்சு பேந்துக்கிட்டு வந்துரும். அவர் சத்தம் போடுவாரு."

"போடட்டும். நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லு. நீ துளையப் போடு."

அவளும் நின்று பார்த்தாள். முழங்கை நீளத்துக்கும் மேலான துளைக்கம்பி. மேல்பாதியில் போட்ட துளைகளிலெல்லாம் வெள்ளை மாவு கொட்டியது. அவள் தலை, தோள் எல்லாம் வெள்ளை. பிறகு கீழ்ப்பாதிக்கு, முன்பு கட்டில் கிடந்த இடத்துக்கு வந்தான். முதலில் வெள்ளை மாவு வந்தது. அப்புறம் மிஷின் திடீரென்று சத்தம் மாறி, பிடிமானம் இல்லாமல் அஃப்ரிமின் தோளோடு உள்ளே போயிற்று. கம்பியை வெளியே இழுத்தான். துளையிலிருந்து சிவப்புத் தூள் ஒழுகிற்று.

பக்கத்திலேயே இன்னொன்று போட்டான். அதிலும் சிவப்பு. அரை ஆள் தள்ளிப் போட்டான். வெள்ளை.

"இது கல்லு இல்லம்மா" என்றான், மெதுவாக. "செங்கல்லு. அதுவும் ஓட்டை போட்ட செங்கல்லு, இப்ப கடையில விக்கிறது."

வல்லெஸ்கூராவில் செங்கல் கிடையாது. மண் அதற்கு ஆகாது. அப்பாவின் சுவரில் செங்கல் இருக்க வழியே இல்லை. எர்சிலியா குனிந்து அந்தத் தூளைக் கைக்குட்டையில் அள்ளி முடிந்தாள். அஃப்ரிம் வாயைத் திறப்பதற்குள் மைதானத்தை நோக்கி இறங்கிவிட்டாள்.

குயிரினோவின் குடிசையில் அவன் மனைவி அசுந்தா பருப்போடு தொத்திறைச்சியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் காலை ஸ்டூலில் நீட்டிப் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எர்சிலியா மேசையில் கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"இது என்ன?"

"தூசி" என்றான் அவன்.

"எங்க இருந்து வந்த தூசி?"

"எனக்கெப்படித் தெரியும்? வீட்டுக்குள்ள வந்து மேசையில தூசியக் கொட்டிட்டு என்னக் கேக்கறா பாரு."

"உன் சமையக்கட்டுச் சுவத்துல இருந்து வந்த தூசிடா. அப்பா வீட்டுச் சுவத்துல செங்கல் எப்ப மொளச்சது?"

குயிரினோவின் கால் ஸ்டூலிலிருந்து இறங்கிற்று. முழங்கால் நன்றாகவே மடங்கியது. அசுந்தா அடுப்பை அணைத்தாள்.

"மதனி, மொதல்ல உக்காருங்க. ஒரு வாய் காப்பி..."

"காப்பி கெடக்கட்டும். சொல்லு."

"நீ பேசாம இரு" என்றான் அவன், மனைவியைப் பார்த்து. அதுவரை அவள் காப்பிக்கு மேல் எதுவும் பேசியிருக்கவில்லை. அவன் அப்படிச் சொன்னதுதான் வினையாயிற்று.

"எத்தன வருஷம் பேசாம இருக்கச் சொல்ற?" என்று அசுந்தா கரண்டியைப் போட்டாள். "மதனி, அந்த ரெட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்கினோம் பாருங்க. அத வச்சா வாசக் கதவு பாதிதான் தொறந்துச்சு. இடிச்சு இடிச்சு நான்தான் தெனமும் கத்துவேன். அதான் இவரு சுவத்தக் கொடஞ்சு, உள்ள தள்ளி வச்சாரு."

"எவ்வளவு கொடஞ்சான்?"

அசுந்தா புருஷனைப் பார்த்தாள்.

"எவ்வளவுடா கொடஞ்ச?"

"ஃப்ரிட்ஜ் அளவுக்கு" என்றான் குயிரினோ. "ஊர்ல எவன் கொடையல? நம்ம வரிசையில பால்தாசரே வீட்டுச் சுவத்துல அலமாரி இல்லையா? உன் வீட்டுல மாதா மாடம் இல்லையா? இவ்வளவு மொத்தச் சுவரு, சும்மாதான நிக்குது. இடம் வேணும்னா எல்லாரும் அதுல இருந்துதான் எடுத்துக்கறோம். என் பக்கம்தான எடுத்தேன். பாதிச் சுவரு எனக்குத்தான?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. வல்லெஸ்கூராவில் எல்லோருமே சுவரைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனால் மாதா மாடம் ஒரு சாண் ஆழம். ஃப்ரிட்ஜ் ஆள் உயரம். ஆள் உயரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், மேலே இருந்த அத்தனை கல்லும் எதன் மேல் நின்றது என்று எர்சிலியா யோசித்தாள். அந்தக் கல் போய் விழுந்த இடம் அவளுக்குத் தெரியும்.

"ஃப்ரிட்ஜ எடுத்துட்டு எப்ப அடைச்ச?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எப்ப அடைச்ச?"

"தோட்டத்து வழியாப் போனேன். தீயணைப்புக்காரனுங்க யாரையும் உள்ள விடாம முன் வாசல்ல நின்னாங்க." அவன் தரையைப் பார்த்தான். "அடக்கத்துக்கு முந்தின நாளு."

அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவன் இவன். கோவில் வாசலில் எர்சிலியா அவன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட், விரல்முட்டியெல்லாம் சிராய்ப்பு. தன் புருஷனைக் கல்லுக்கடியிலிருந்து தோண்டி எடுத்த கைகள் என்று நினைத்து, ஊரே பார்க்க அந்தக் கைகளை வாயில் வைத்து முத்தமிட்டாள். அவன் விம்மி விம்மி அழுதான். மேட்டு நிலச் சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, தம்பி தம்பிதான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

இப்போது அந்த வாயைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு தரம் துடைத்தாள்.

"சிமெண்டு" என்றாள். "என்னை முத்தம் கொடுக்க விட்டியேடா, பாவி. கைய இழுத்துக்கணும்னு உனக்குத் தோணலயா?"

"அக்கா, நான் வேணும்னா செஞ்சேன்? பூமி ஆடுச்சு. ஆடலைனா அந்தச் சுவரு இன்னும் நூறு வருஷம்..."

"அவர் ஒரு ஃப்ரிட்ஜுக்குச் செத்தாரு. கதவு முழுசாத் தொறக்கணும்ங்கறதுக்காகச் செத்தாரு. அதச் சொல்லு."

அசுந்தா முகத்தைத் துணியில் பொத்திக்கொண்டு அழுதாள். குயிரினோ அழவில்லை. பயந்தவனுக்கு இருக்கும் ஒரு புத்தி அவனுக்கும் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீ என்னை என்ன வேணா பண்ணு. செருப்பால அடி. ஆனா அந்த எஞ்சினியர் பொண்ணுகிட்டச் சொல்லிறாத. மொதல் கூட்டத்துலயே சொன்னா, ஞாபகம் இருக்கா? நாலு வீடும் ஒரே கட்டடம்னுதான் கணக்கு. சமீபத்துல எவனாவது அனுமதி இல்லாம சுவத்துல கை வச்சிருந்தா, வரிசைக்கே அரசாங்க உதவி நின்னுரும். என் வீடு மட்டும் போகாது அக்கா. உன் வீடும் போகும். பால்தாசரே வீடும் போகும்."

"அதான் சாவி தரல."

"அதான் தரல."

"நான் நிலத்துக்காகன்னு நெனச்சேன்" என்றாள் எர்சிலியா. "அதுவே தேவலையே." மேசையிலிருந்த தூளைக் கையால் வழித்து, ஆறிக்கொண்டிருந்த பருப்புச் சட்டியில் கொட்டினாள். "காலையில கதவத் தொறந்து வை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

காலையில் கதவு திறந்திருந்தது. புல்லின் மேல் பனி இன்னும் வெள்ளையாக உறையவில்லை, ஈரமாகத்தான் இருந்தது. அஃப்ரிம் குயிரினோவின் சமையலறைச் சுவரை உரித்தான். பூச்சு கழன்றதும் சிவப்புச் செங்கல் ஆள் உயரக் கதவு மாதிரித் தெரிந்தது. அவற்றையும் ஒவ்வொன்றாக உருவினான். உள்ளே குழி. குழியின் பின்பக்கத்தில் எர்சிலியாவின் பக்கத்துக் கல் ஒரே ஒரு வரிசை, அவ்வளவுதான். குழியின் ஓரத்தில், ஃப்ரிட்ஜுக்காக வைத்த பிளக் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அஃப்ரிம் அதைப் பார்த்தான். எர்சிலியாவைப் பார்த்தான். சமீபத்தில் வெட்டிய குழி என்று அந்தப் பெட்டி ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். அவன் கரணையில் சாந்தை அள்ளி அந்தப் பெட்டியின் மேல் அப்பி மெழுகினான். நாலு வீட்டு வேலை போனால் அவன் ஆட்களுக்கும்தான் சோறு போகும்.

எஞ்சினியர் லவீனியா சின்னப் பெண். நல்ல பெண். மழையோ பனியோ, சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவாள். குழிக்குள் விளக்கை அடித்துப் பார்த்தாள், கையை விட்டு அளந்தாள், பின்வரிசைக் கல்லைத் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"எர்சிலியாம்மா, உங்க வீட்டுக்காரர் மேல விழுந்தது இதுக்கு நேர் மேல இருந்த சுவர்தானே?"

"ஆமா."

"இதை எப்ப வெட்டினாங்க?" என்று லவீனியா குயிரினோவைக் கேட்டாள்.

குயிரினோ அக்காளைப் பார்த்தான். வாசலில் அசுந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். எர்சிலியா இரவு முழுக்க என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்திருந்தாள். இவன்தான், இந்தக் கொலைகாரன்தான் என்று சொல்லிப் பார்த்தாள். அதைச் சொல்வதில் இருக்கும் ருசி நாக்கில் ஊறிக்கொண்டே இருந்தது. சொன்னால் அடுத்த கணமே இவள் பக்கத்துச் சுவரும் பாலிதீனால் மூடப்படும். ஊறி உப்பிய தரையும் கறுத்த பூஞ்சையும்தான் சாகும்வரை.

"பழசு" என்றாள். "எங்கப்பா வெட்டினது."

"உங்கப்பாவா?"

"பாலாடைக்கட்டி அடுக்க. சுவத்துக்குள்ள வச்சா குளுமையா இருக்கும்னு. அப்புறம் பூகம்பத்துல ஆடிப்போயிருக்கேன்னு பயந்து இவன் செங்கல் வச்சு அடைச்சுட்டான்."

லவீனியா குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமூச்சு விட்டாள். "பழசுன்னா பிரச்சினை இல்ல. கல்லு வச்சு நிரப்பிட்டு மேலே வேலைய நடத்தலாம். ஆனா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஒரு பாலாடைக்கட்டிக்காகச் சுமை தாங்குற சுவத்துல பாதிய வெட்டியிருக்காரே. அவருக்குச் சுவர்னா என்னன்னே தெரியாதா?"

அப்பா அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. வருஷக் காலண்டரைக் கூட உத்தரத்திலிருந்து கயிறு கட்டித்தான் தொங்கவிடுவார். குயிரினோ சின்ன வயதில் சுவரில் பந்தடித்து விளையாடியதற்காகப் பிரம்பு உடையும்வரை அடித்தவர். கல் அடுக்கினவன் வயிறு எரியும்டா என்பார்.

"தெரியாதும்மா" என்றாள் எர்சிலியா. "புத்தி கெட்ட மனுஷன். சொன்னாக் கேக்க மாட்டாரு."

லவீனியா அவள் கையைத் தொட்டு அழுத்திவிட்டு, அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிப் போனாள். அஃப்ரிமும் குழிக்கு மேலிருந்த சுவரில் வலையைப் பதித்து அழுத்திவிட்டு, நாரைப் பிசினில் முக்க எர்சிலியாவின் பக்கத்துக்குப் போய்விட்டான். சமையலறையில் அக்காளும் தம்பியும்தான்.

குயிரினோ கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தான். "அக்கா" என்று அவள் கையைப் பிடித்து, குனிந்து உதட்டருகே கொண்டுபோனான்.

அவள் கையை உருவி, புறங்கையால் அவன் வாயிலேயே அடித்தாள். பலமாகத்தான் அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"செட்டிமியோவ நீ கொன்ன" என்றாள். "அப்பாவ இன்னைக்கு நான் கொன்னேன். ரெண்டும் சரியாப் போச்சுன்னு மட்டும் நெனச்சிராத. சுவரு முடியற வரைக்கும்தான் என் குரல் உனக்குக் கேக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அஃப்ரிமின் சத்தம் வந்தது. "நாரை விடறேன், அங்க யாராவது இருக்கீங்களா?"

குழிக்கு மேலே இருந்த துளையிலிருந்து பிசின் சொட்டிக்கொண்டு நார் நுனி எட்டிப் பார்த்தது. குயிரினோ உதட்டைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"புடி" என்றாள் எர்சிலியா.

அவன் இரண்டு கையாலும் பிடித்தான்.

"இழுக்காத. பிரி. விசிறி மாதிரிப் பிரிச்சு வலை மேல ஒட்டு. நல்லா அமுக்கு. இன்னும் அமுக்குடா."

அந்தச் சுவரில் கடைசி நார் ஒட்டி முடிகிறவரை அவள் பின்னாலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிசம்பரில் வீடு திரும்பினாள். கட்டிலை அதே சுவரோரமாகத்தான் போட்டிருக்கிறாள்.